சன்ரைஸ், 1927: கொல்லப் போனவன மன்னிக்க வைக்கிற படம்

ஒரு புருஷன் தன் பொண்டாட்டிய ஏரியில தள்ளிக் கொன்னுடணும்னு முடிவு பண்ணி அவள படகுல ஏத்திக் கூட்டிட்டுப் போறான், படம் தொடங்கி கொஞ்ச நேரத்துக்குள்ளயே இது நடந்துடுது, அதுக்கப்புறம் மிச்சப் படம் முழுக்க அதே ஆளும் அதே பொண்ணும் ஒண்ணா வீடு திரும்பணுமேன்னு நாம பதறிக்கிட்டு உட்கார்ந்திருக்கோம். நிதானமா யோசிச்சா இது நடக்கவே கூடாத காரியம். ஜெர்மன் இயக்குநர் எஃப். டபிள்யூ. முர்னாவ் அமெரிக்காவுல எடுத்த முதல் படமான சன்ரைஸ், பேச்சே இல்லாம, கதாபாத்திரங்களுக்குப் பேர் கூட வைக்காம இத சாதிக்குது. அதோட கேமராவப் பத்தியும் செட்டப் பத்தியும் எக்கச்சக்கமா எழுதியாச்சு, நானும் எழுதத்தான் போறேன், ஆனா எனக்குப் படுற காரணம் வேற. அவ பயத்த இந்தப் படம் அவசர அவசரமா தாண்டிப் போகல. முழுசா உட்கார்ந்து பார்க்குது. மன்னிப்பு எடுபடுறது அதனாலதான்னு நினைக்கிறேன். முழுக் கதையையும் சொல்லித்தான் இத விளக்க முடியும், அதனால முடிவு வரைக்கும் எல்லாமே கீழ வரும்.

முதல்ல கதை எங்கிருந்து வந்துச்சுன்னு பார்த்துடலாம். ஹெர்மன் ஸூடர்மன்னு ஒரு ஜெர்மன் எழுத்தாளர், 1917ல லிதுவேனியக் கதைகள்னு ஒரு தொகுப்பு போட்டாரு, அதுல டில்சிட் ஊருக்குப் போற பயணத்தப் பத்தின கதை ஒண்ணு இருக்கு. அந்த டில்சிட் இப்ப ரஷ்யாவோட கலினின்கிராட் பகுதியில ஸோவெட்ஸ்க்ங்கிற பேர்ல இருக்கு. அந்தக் கதையில ஆளக் கெடுக்கிறவ வீட்டு வேலைக்காரிதான், பட்டணத்துக்காரி கிடையாது. புருஷனும் பொண்டாட்டியும் ஊருக்குப் போயி மனசு ஒண்ணாயி திரும்பி வரும்போது படகு கவுந்து புருஷன் செத்துப் போறான், அவ பிழைச்சுக்கிறா. திரைக்கதை எழுதின கார்ல் மேயர் ரெண்டு விஷயத்த மாத்தினாரு. கெடுக்கிறவள பட்டணத்துலேர்ந்து வந்தவளா ஆக்கினாரு, முடிவுல புருஷன உயிரோட விட்டாரு. ரெண்டாவது மாத்தம் லேசுப்பட்டது இல்ல. செத்துட்டா பாவம் கழிஞ்சதுன்னு ஒரு கணக்கு இருக்கு பாருங்க, அந்த வசதி இப்ப போச்சு. ஆள் உயிரோட இருக்கான், நாளைக்குக் காலையில அவ அவன் முகத்துலதான் முழிக்கணும், அப்ப படம் அவன மன்னிக்கிறதுக்கான வேலைய முழுசா செஞ்சே ஆகணும்.

கதை நடக்கிறது ஏரிக்கரை கிராமம் ஒண்ணுல. லீவுக்கு வந்த பட்டணத்துப் பொண்ணு ஒருத்தி வாரக்கணக்கா அங்கயே தங்கிட்டா. அவள நமக்கு அறிமுகப்படுத்துற விதம் ரொம்பக் கச்சிதம்: அவ தங்கியிருக்கிற வீட்டுல கிழவனும் கிழவியும் சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க, இவ வந்து கால நீட்டி ஷூவத் துடைக்கச் சொல்றா, அந்தக் கிழவி சாப்பாட்ட விட்டுட்டு எழுந்து வந்து துடைக்கிறா. அப்புறம் இவ நடந்து போயி ஒரு வீட்டு வாசல்ல நின்னு விசில் அடிக்கிறா. உள்ள அந்த ஆளு தயங்குறான், பொண்டாட்டி மேஜையில சாப்பாடு எடுத்து வைக்கிறா, உள்ள போயி திரும்பி வந்து பார்த்தா ஆள் இல்ல. அவ அழுது ஆர்ப்பாட்டம் எதுவும் பண்றதில்ல, அப்படியே உட்கார்ந்துடுறா. இதுக்கு முன்னாடி இந்த வீடு எப்படி இருந்துச்சுன்னு வேலைக்காரி வாய் வழியா தெரிய வருது, குழந்தைங்க மாதிரி சிரிச்சு விளையாடிக்கிட்டு இருந்தவங்க, இப்ப கடன்காரங்க வந்து மாட்ட ஓட்டிட்டுப் போற நிலைமை.

அடுத்து வர்றதுதான் சினிமா படிக்கிறவங்க எல்லாம் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிற அந்த சதுப்புநில ஷாட். ராத்திரி, பனி மூட்டம், நிலா. அவன் நடந்து போறான், கேமரா பின்னாலயே போகுது, மரத்துக்குக் கீழ குனிஞ்சு, வேலியத் தாண்டி. ஒரு இடத்துல கேமரா அவன விட்டுட்டு தனியா இலைகள விலக்கிக்கிட்டு முன்னால போயிடுது. இலை விலகினதும் அவ நிக்கிறா, நிலா வெளிச்சத்துல. நாம அவன் கண்ணால பார்க்கிறோம்னுதான் நினைச்சுக்கிட்டு இருப்போம், ஆனா அவ சத்தம் கேட்டு நிமிர்ந்து முகத்துக்கு பவுடர் போட்டுக்கிட்டு தயாராகி நிக்கும்போது அவன் இன்னொரு பக்கத்துலேர்ந்து ஃபிரேமுக்குள்ள வர்றான். அப்ப இவ்வளவு நேரம் பார்த்தது யாரு? நாமதான். அவனுக்கு முன்னாடியே நாம அவகிட்ட போய்ச் சேர்ந்துட்டோம். இத எடுக்கிறதுக்கு சதுப்பையே ஸ்டுடியோவுக்குள்ள கட்டி, மேல கூரையில தண்டவாளம் போட்டு, அதுலேர்ந்து கேமராவத் தொங்கவிட்டு ஓட்டினாங்க. 1927ல கேமராங்கிறது கனமான பெட்டி, அதுக்காகவே இந்த ஷாட்ட நான் மதிக்கிறேன், ஆனா அதவிடப் பெருசா மதிக்கிறது அந்த ஆசைக்குள்ள நம்மளயும் சேர்த்து இழுத்து விட்ட தந்திரத்த. அவன் குத்தத்துல நமக்கும் கொஞ்சம் பங்கு வந்துடுது.

அங்கதான் அவ கேட்கிறா, பொண்டாட்டி தண்ணியில மூழ்கிப் போயிட்டா என்னன்னு. அந்த டைட்டில் கார்டுல, அதாவது மௌனப் படத்துல பேச்ச எழுதிக் காட்டுற அட்டையில, எழுத்துகளே உருகி கீழ இறங்கி முங்கிப் போகுது. படத்துல மொத்தமே கொஞ்சம் கார்டுதான், இருக்கிற கொஞ்சத்தையும் முர்னாவ் படமாவே பயன்படுத்தியிருக்காரு. கேட்டதும் அவன் ஆத்திரத்துல அவ கழுத்தப் பிடிச்சு நெரிக்கப் போறான், அவ முத்தம் கொடுத்தே மடக்கிடுறா. அப்புறம் பட்டணத்து வாழ்க்கையப் பத்தி சொல்லச் சொல்ல வானத்துலயே விளக்கும் பேண்டு வாத்தியமும் கூட்டமும் ஓடுது. திட்டம் இதுதான்: அவள தள்ளிட்டு படகக் கவுத்துடு, நீ மட்டும் கோரைக்கட்ட பிடிச்சு நீந்தி வந்துடு, விபத்துன்னு சொல்லிக்கலாம். அந்தக் கோரைய அந்த ராத்திரியே பட்டணத்துக்காரி சேத்துல இறங்கி அறுத்துக் கட்டுறா. இந்தக் கோரைக்கட்ட ஞாபகம் வச்சுக்கோங்க.

மறுநாள் அவன் நடையப் பாருங்க. ஜார்ஜ் ஓ'பிரையன் நல்ல திடகாத்திரமான ஆளு, ஜான் ஃபோர்டோட த அயர்ன் ஹார்ஸ்ல குதிரை மேல பறந்தவரு. இங்க தோள் தொங்கி, முதுகு வளைஞ்சு, கால இழுத்து இழுத்து வைக்கிறாரு. அந்த நடைக்காக ஷூவுக்குள்ள ஈயத்த வச்சு நடக்க விட்டாங்கன்னு சொல்லுவாங்க. ஊருக்குப் போகலாம்னு புருஷன் கூப்பிட்டதும் பொண்டாட்டிக்கு வர்ற சந்தோஷத்தப் பார்க்கும்போது வயித்தப் பிசையுது. பொண்டாட்டியா நடிச்ச ஜேனட் கேனருக்கு அப்ப 20 வயசுதான். ஒட்ட வாரிக் கொண்டை போட்ட வெளிர் நிற விக், அந்த முகத்துல ஒளிஞ்சுக்க இடமே இல்ல, என்ன நினைக்கிறான்னு எல்லாம் வெளியில தெரியுது.

படகு கிளம்பினதும் நாய் குலைச்சுக்கிட்டு சங்கிலிய அறுத்துட்டு தண்ணியில குதிச்சு நீந்தி வந்து சேருது. அவன் படகத் திருப்பிக் கரைக்குக் கொண்டு வந்து நாயக் கட்டிட்டு வர்றான். இது வெறும் பில்டப் காட்சின்னு சிலர் சொல்லிக் கேட்டிருக்கேன், எனக்கு அப்படித் தோணல. அவனுக்கு மனசு மாற ஒரு முழு வாய்ப்பு கிடைக்குது, கரை வரைக்கும் வந்துட்டான், அப்படியும் திரும்பவும் துடுப்பப் பிடிக்கிறான். ஏதோ ஒரு நிமிஷ வெறியில பண்ணினான்னு யாரும் பின்னால சொல்லிட முடியாது. நடு ஏரியில எழுந்து நிக்கிறான், மெதுவா அவள நோக்கி வர்றான், அவ பின்னால சாய்ஞ்சு கை கூப்பிக் கெஞ்சுறா. அவனால முடியல. முகத்த மூடிக்கிட்டு திரும்பி உட்கார்ந்து வெறி பிடிச்ச மாதிரி துடுப்பு போடுறான்.

சாதாரண மெலோடிராமான்னா இங்கயே அவன் கால்ல விழுந்து அழுது, அவ கண்ணத் துடைச்சுவிட்டு, கதை அடுத்த இடத்துக்குப் போயிருக்கும். இந்தப் படத்துல கரை தட்டினதும் அவ ஓடுறா. காட்டுக்குள்ள விழுந்து எழுந்து ஓடி வர்ற டிராம்ல ஏறிடுறா. அவன் பின்னாலயே ஓடி வந்து தொத்திக்கிறான். அதுக்கப்புறம் அந்த டிராம் பயணம். அவ ஒரு ஓரத்துல ஒடுங்கிப் போயி நிக்கிறா, அவன் பக்கத்துல என்ன பண்றதுன்னு தெரியாம நிக்கிறான், ஜன்னலுக்கு வெளியில ஏரி போயி மரம் வந்து மரம் போயி தொழிற்சாலை வந்து பட்டணம் வந்துடுது. ரெண்டு பேருக்கும் நடுவுல பேச்சே இல்லன்னு சொல்லலாம். பயப்படாதன்னு மட்டும் அவன் சொல்றான், அத எப்படி அவ நம்புவா? கொலை பண்ண வந்தவன் பக்கத்துல டிக்கெட் எடுத்துட்டு நிக்கிற அந்த நேரத்த முர்னாவ் வெட்டாம ஓட விட்டிருக்காரு. இதுக்காக நிஜமாவே தண்டவாளம் போட்டு டிராம ஓட்டினாங்க, அதனாலதான் வெளிச்சம் அவங்க மேல விழுந்து விழுந்து நகருது.

இறங்கினதும் வண்டிங்க நடுவுல தெரியாம ஓடுறா, அவன் பிடிச்சு இழுத்துக் காப்பாத்துறான். காலையில கொல்லப் பார்த்த அதே கைதான். ஒரு சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிட்டுப் போயி தட்ட அவ பக்கம் தள்ளி வைக்கிறான். அவ ஒரு துண்ட எடுத்து வாய்கிட்ட கொண்டு போறா, முடியல, அழுதுடுறா. எனக்கு இந்தப் படத்துலயே ரொம்பப் பிடிச்ச இடம் இந்தத் தட்டுதான். நேத்து ராத்திரி அவ வச்ச சாப்பாட்ட அவன் விட்டுட்டுப் போனான், இன்னிக்கு அவன் வைக்கிறத அவளால தொண்டைக்குள்ள இறக்க முடியல. அப்புறம் பூ வாங்கித் தர்றான், பூவ வாங்கிக்கிட்டும் அழுறா. சாப்பாடும் பூவும் போதாதுன்னு படத்துக்குத் தெரியுது, அவனுக்கும் தெரியுது.

அதுக்கப்புறம்தான் சர்ச். யாரோ ரெண்டு பேருக்குக் கல்யாணம் நடக்குது, இவங்க உள்ள போயி ஓரமா உட்கார்றாங்க. எந்தக் கெடுதலும் வராம அவளக் காப்பாத்துன்னு பாதிரியார் மாப்பிள்ளைகிட்ட சொல்லும்போது இவன் உடைஞ்சு போறான். அவ மடியில தலைய வச்சு அழுறான். யாருக்கோ சொன்ன வார்த்தை இவன் மேல வந்து விழுது, அவன அவ குத்தம் சொல்ல வேண்டிய அவசியமே வரல. வெளிய வரும்போது நிஜக் கல்யாண ஜோடிக்காகக் காத்துக்கிட்டு இருக்கிற கூட்டத்துக்கு நடுவுல இவங்க ரெண்டு பேரும் கை கோத்துக்கிட்டு நடந்து வர்றாங்க, ரோட்டக் கடக்கும்போது சுத்தி இருக்கிற பட்டணம் கரைஞ்சு பூத்த புல்வெளியா மாறிடுது, முத்தம் கொடுத்துக்கிட்டு நிக்கிறாங்க, திடீர்னு பார்த்தா நடுரோட்டுல நிக்கிறாங்க, சுத்தி வண்டியெல்லாம் ஹாரன் அடிக்குது. படகுலேர்ந்து இந்த முத்தம் வரைக்கும் ஒவ்வொரு படியா ஏத்திக் கொண்டு வந்திருக்காரு மனுஷன், ஒரு படிய எடுத்துட்டாலும் அந்தப் புல்வெளிய நாம நம்பியிருக்க மாட்டோம்.

அடுத்து வர்ற பட்டணத்துப் பகுதி நீளமா இருக்குன்னு ரொம்பப் பேருக்குக் குறை. சவரக் கடை, போட்டோ ஸ்டுடியோ, கேளிக்கைப் பூங்கா, தப்பிச்சு ஓடின பன்னிக்குட்டி ஒயின் குடிச்சுட்டுத் தள்ளாடுறது, கிராமத்து டான்ஸ். காமெடி சில இடத்துல பழசாயிடுச்சுங்கிறது நிஜம்தான், பன்னிக்குட்டிய நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனா அந்த நேரம் வேணும். மன்னிச்சுட்டேன்னு ஒரு தடவை அழுதா போதாது, அதுக்கப்புறம் சாதாரணமா சேர்ந்து சிரிக்கணும், போட்டோ எடுத்துக்கணும், அந்த ஸ்டுடியோவுல இருக்கிற தலையில்லாத சிலைய தாங்கதான் உடைச்சுட்டோம்னு பயந்து ஒரு பந்த எடுத்து தலைக்குப் பதிலா வச்சுட்டு ஓடணும். சவரக் கடையில அவன் முகம் மாறுது, தாடி போயி மனுஷன் வெளிய வர்றான், அங்க நகம் வெட்டிவிட வர்ற பொண்ண அவன் வேண்டாம்னு தள்ளுறத இவ தூரத்துலேர்ந்து பார்த்துக்கிட்டு இருக்கா, அந்த முகத்துல வர்ற நிம்மதிய கவனிங்க. அங்கயே ஒருத்தன் இவகிட்ட வந்து வழியுறான், உடனே புருஷன் பாக்கெட் கத்திய எடுத்துடுறான். அவளுக்கு ஒரு கணம் தூக்கிவாரிப் போடுது. ஏரியில எழுந்து நின்ன ஆளு இன்னும் உள்ளதான் இருக்கான்னு படம் மறைக்காம காட்டுது.

ராத்திரி திரும்பும்போது புயல். கொலைக்குன்னு கட்டி வச்ச அந்தக் கோரைக்கட்ட எடுத்து அவன் அவ உடம்புல கட்டி விடுறான். படகு போயிடுது. அவன் பாறையில ஒதுங்குறான், ஊரே லாந்தர் விளக்க எடுத்துக்கிட்டு ஏரியில தேடுது, அவன் கை ரெண்டையும் குவிச்சு அவளக் கூப்பிடுறான், அந்தக் குரலுக்குப் பதிலா இசையில ஹார்ன்ங்கிற ஊதுற வாத்தியம் ஒண்ணு கேட்குது, அதக் கேட்டா எனக்கு இப்பவும் உடம்பு சிலிர்க்கும். அவிழ்ந்து போன கோரைதான் மிதந்து வருது.

இதுக்கப்புறம் வர்ற இடத்துலதான் எனக்குப் படத்தோட சண்டை. திட்டம் பலிச்சுடுச்சுன்னு நினைச்சு பட்டணத்துக்காரி வந்து விசில் அடிக்கிறா, அவன் அவள விரட்டிப் பிடிச்சு கழுத்த நெரிக்கிறான். பொண்டாட்டி உயிரோட கிடைச்சுட்டான்னு வேலைக்காரி கூப்பிடுற சத்தம் கேட்டுத்தான் விடுறான். முதல் கொலையில அவன நிறுத்தினது அவன் மனசாட்சி. ரெண்டாவதுல நிறுத்தினது ஒரு கூப்பாடு மட்டும்தான், அது ரெண்டு நிமிஷம் தாமதமா வந்திருந்தா அவன் கொலைகாரன். படகு விஷயத்துக்கு அவ்வளவு நேரம் எடுத்துக்கிட்ட படம் இத அப்படியே விட்டுட்டுப் போகுது. பழி முழுக்க பட்டணத்துக்காரி தலையிலதான், அவளுக்கு ஆசையும் சிகரெட்டும் கருப்பு உடுப்பும் கொடுத்ததோட சரி, ஒரு மனசு கொடுக்கல. மார்கரெட் லிவிங்ஸ்டன் நல்லாவே பண்ணியிருக்காங்க, இருந்தும் கடைசியில வண்டியில ஏத்தி ஊர விட்டு அனுப்புறதோட அவ கணக்க முடிச்சுடுறாங்க. பொண்டாட்டியோட பயத்துக்குக் கிடைச்ச மரியாதையில பாதியாவது இவளுக்குக் கிடைச்சிருக்கலாம்.

இவ்வளவு சுதந்திரம் முர்னாவுக்கு எப்படிக் கிடைச்சதுன்னா, 1924ல அவர் ஜெர்மனியில எடுத்த த லாஸ்ட் லாஃப் படத்தப் பார்த்து அசந்துபோன ஃபாக்ஸ் ஸ்டுடியோ முதலாளி வில்லியம் ஃபாக்ஸ், ஹாலிவுட்டுக்குக் கூப்பிட்டு காச அள்ளிக் கொடுத்தாரு. கிராமத்த கலிஃபோர்னியாவுல லேக் ஆரோஹெட் கரையில கட்டினாங்க, பட்டணத்த ஃபாக்ஸ் இடத்துலயே பெரிய செட்டா எழுப்பினாங்க. கலை இயக்குநர் ரோகஸ் க்ளீஸ தரையச் சாய்வா கட்டி, பின்னாடி போகப் போக எல்லாத்தையும் சின்னதாக்கி, தூரத்துல நடக்கிறதுக்கு குள்ளமான ஆளுங்கள விட்டு ஆழத்த ஏமாத்தி உண்டாக்கினாரு. கேமராவுக்கு ரெண்டு பேர், மேரி பிக்ஃபோர்ட் படங்கள எடுத்த சார்ல்ஸ் ரோஷர், போட்டோகிராஃபியிலேர்ந்து வந்த கார்ல் ஸ்ட்ரஸ். ஒரு காட்சி மேல இன்னொரு காட்சி தெரியுற டபுள் எக்ஸ்போஷர் நிறைய கேமராவுக்குள்ளயே எடுத்தது, அதே ஃபிலிம திரும்பச் சுத்தி ரெண்டாவது தடவ எடுக்கணும், ஒரு தப்பு நடந்தா ரெண்டு ஷாட்டும் போச்சு.

ரிலீஸ் ஆன நேரம்தான் பாவம். 1927 செப்டம்பர் 23, நியூயார்க் டைம்ஸ் ஸ்கொயர் தியேட்டர். ஃபாக்ஸோட மூவிடோன் முறையில ஃபிலிம்லயே இசையும் மணிச் சத்தமும் ஹாரனும் பதிஞ்சு வந்த படம் இது, வசனம் மட்டும் கிடையாது. கூடவே முசோலினி பேசுற மூவிடோன் துண்டுப் படமும் ஓடுச்சு. ரெண்டு வாரம் கூட முழுசா ஆகல, அக்டோபர் 6ல ஆள் பேசுற படமான த ஜாஸ் சிங்கர் வந்துடுச்சு, அதுக்கப்புறம் சனங்களுக்கு திரையில ஆள் பேசணும். விமர்சகர்கள் தூக்கி வச்சுக் கொண்டாடினாங்க, போட்ட காசுக்கு ஏத்த வசூல் வரல. 1929 மே 16ல நடந்த முதல் ஆஸ்கர்ல தனித்துவமான கலைப்படம்னு ஒரு பிரிவு இருந்துச்சு, அது சன்ரைஸுக்கு, ஒளிப்பதிவு ரோஷருக்கும் ஸ்ட்ரஸுக்கும், சிறந்த நடிகை கேனருக்கு, அவங்களுக்கு மட்டும் இதோட செவன்த் ஹெவன், ஸ்ட்ரீட் ஏஞ்சல் மூணு படத்துக்கும் சேர்த்து. அந்தக் கலைப்படப் பிரிவ அடுத்த வருஷமே தூக்கிட்டாங்க. முர்னாவோட அடுத்த ஃபாக்ஸ் படம் ஃபோர் டெவில்ஸ் தொலைஞ்சே போச்சு, சிட்டி கேர்ல்ல ஸ்டுடியோ கைய வச்சுது, 1931 மார்ச்ல சாண்டா பார்பரா பக்கத்துல கார் விபத்துல அவர் இறந்தாரு, வயசு 42.

1937 ஜூலை 9ல நியூஜெர்சி லிட்டில் ஃபெரியில இருந்த ஃபாக்ஸோட ஃபிலிம் குடோன் எரிஞ்சுது, கெட்டுப் போன நைட்ரேட் ஃபிலிம் அந்த வெயில் சூட்டுல தானாவே பத்திக்கிச்சு. சன்ரைஸோட அசல் நெகட்டிவும் அதுல போச்சு. இன்னிக்கு நாம பார்க்கிறது எல்லாம் தப்பிச்ச பிரிண்ட்கள்லேர்ந்து எடுத்ததுதான், அதனால சில இடத்துல படம் மங்கலாவும் கீறலாவும் இருந்தா அத முர்னாவ் மேல எழுதாதீங்க. ரெண்டு வடிவம் கிடைக்குது. ஒண்ணு சுமார் 95 நிமிஷம் ஓடுற மூவிடோன் வடிவம், இன்னொண்ணு செக் நாட்டு ஆவணக்காப்பகத்துல கிடைச்ச மௌன வடிவம், அது நீளம் கம்மி, படம் இன்னும் தெளிவு, சில ஷாட் வேற மாதிரி. முதல் தடவ பார்க்கிறவங்க மூவிடோனயே பாருங்க, ஹியூகோ ரீஸன்ஃபெல்ட் பேர்ல வர்ற அந்த அசல் இசையோட. புதுசா இசை சேர்த்த பிரிண்ட் சிலதுல அந்த ஹார்ன் இருக்காது, ஏரியில அவன் கூப்பிடுற காட்சி அது இல்லாம பாதிதான். செக் வடிவத்த ரெண்டாவது தடவைக்கு வச்சுக்கோங்க, கேனரோட முகத்துக்காகவே.